மொறிஸ் மைனரின் எஞ்சின்

பல்லேகலயிலோ கண்டியிலோ பழைய மொறிஸ் மைனரைப் புதுப்பிக்க முனைவோர், அதிலுள்ள எஞ்சின் இன்னதென முதலில் அறிதல் வேண்டும். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அவ்வண்டியில், பக்கத்தே வால்வுகள் அமைந்த 918 கன சென்றிமீற்றர் எஞ்சின் இருந்தது. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்தபின், வால்வுகள் மேலே அமைந்த 803 வந்தது. 1956இல் 948, 1962இல் 1098.

இங்கேதான் மயக்கம். 803, 948 இரண்டிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 76.2 மில்லிமீற்றரே; சிலிண்டரின் விட்டமோ முன்னதில் 58, பின்னதில் 62.9. வண்டியின் ஆண்டை மட்டும் நம்பிப் பிஸ்டன் வாங்குதல் பணத்தை ஆற்றில் கொட்டுவதாகும். இடையில் எவரேனும் எஞ்சினையே மாற்றியிருக்கலாம் அல்லவா? சிலிண்டர் தலையைக் கழற்றி விட்டத்தை அளந்தபின்னரே, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தல் வேண்டும். உடற்தகடுகளுக்குக் கவலையில்லை, 1990களில் இலங்கையிலேயே அவற்றைச் செய்து இங்கிலாந்துக்கும் அனுப்பினர்!