காட்டோரத்து லைன் வீடுகளின் கதை

திருப்பூர்ப் பக்கம் பஸ்ஸுல வந்தவங்க பார்த்திருப்பீங்க. தென்னந்தோப்பு, சோளக்காடு, அதுக்கு நடுவுல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா எட்டுக் கதவு, பத்துக் கதவு. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலயும் ரெண்டு குடம், ஒரு சைக்கிள், ஒரு சின்னக் கோலம். இதுக்குப் பேரு லைன் வீடு. சுத்துச்சுவரும் கேட்டும் வெச்சுட்டா காம்பவுண்டு. ஊரிலிருந்து வர்ற நண்பர்கள், "பண்ணையம் பார்க்கறவர் வாடகையும் வாங்கறீங்களா?"ன்னு ஒரு மாதிரி கேக்கறாங்க. கொங்கு நாட்டுல இது ரெண்டு மூணு தலைமுறைப் பழக்கமுங்க. எப்படி வந்துச்சுன்னு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

எல்லாத்துக்கும் முதல்ல மில்லு. கோயமுத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை ஆரம்பித்தார். ஆனாலும் மில்லுகள் வரிசையாக முளைத்தது 1930களில்தான். 1929க்குப் பிறகு விளைபொருள் விலை உலகமெல்லாம் விழுந்தது. பருத்தி போட்டவன் கையில் காசில்லை. காசிருந்தவன் நிலத்தில் போட யோசித்தான். அந்த நேரம் பார்த்து, 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. சிங்காநல்லூர், பீளமேடு சுற்று வட்டாரமெல்லாம் சங்குச் சத்தம்.

சங்கு ஊதினதும் ஆள் வேலையில் நிக்கணும். அப்போ மில்லைச் சுத்தி நடக்கற தூரத்தில் ஆயிரக்கணக்கான ஆளுகளுக்குப் படுக்க இடம் வேணும். மில்லுக்காரங்க கட்டின குடியிருப்பு எல்லாருக்கும் பத்தாது. பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட மானாவாரி நிலம் இருந்தது, கல் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. மழையை நம்பி ராகியும் கம்பும் போட்ட காட்டோரத்தில் சுவர் எழும்பிச்சு.

லைன் வீட்டுக் கட்டுமானத்தில் ஒரு கணக்கு இருக்குதுங்க. தனித்தனியா எட்டு வீடு கட்டினா பக்கச் சுவரே பதினாறு வேணும். ஒட்டிக் கட்டினா ஒன்பது போதும். முன்னால பத்துக்குப் பத்தில் ஒரு ரூம், பின்னால சமைக்க ஒரு இடுக்கு, மேல மங்களூர் ஓடு. எங்க அப்பாரு (எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாலு வீட்டை மாட்டுக் கட்டுத்தரைச் சுவரை நீட்டித்தான் எடுத்தார். கட்டுத்தரையின் பழைய சுவர்தான் இன்னைக்கும் முதல் வீட்டுக்கு மேற்குச் சுவர்.

சுவர் மிச்சம் பண்ணினதுக்குப் பின்னால வேற வகையில் செலவு வைக்கும். மூணாம் வீட்டு ஓடு உடைஞ்சா நாலாம் வீட்டு அடுப்பில் ஒழுகும். ஒரு வீட்டில் சண்டைன்னா எட்டு வீட்டுக்கும் கேக்கும். பராமரிப்புங்கறதே அப்போ பண்ணையத்து வேலையோட ஒட்டித்தான் நடந்தது. சித்திரையில் காடு சும்மா கிடக்கும்போது ஓடு பிரிச்சு மாத்தறது. மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன்னால, நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கறது. பண்ணையத்து ஆளே ஓட்டுக்காரர், அவரே கொத்தனார். தோட்டத்துக் கிணத்துத் தண்ணிதான் லைனுக்கும். காட்டுக்குத் தண்ணி பாயற நேரம் போக மிச்ச நேரத்தில் வாசல்ல குடம் வைக்கலாம். இந்த முறையை அப்பாரு சாகும்வரை மாத்தவே இல்லை.

சட்டத்துக்கு வருவோம். சென்னைக்காரங்களுக்கு வாடகைச் சட்டம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். உலகப்போர் நேரத்தில், 1941இல், வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அப்புறம் 1946இல் சட்டம், கடைசியாக 1960ஆம் வருஷச் சட்டம். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னு அதில் இருந்தது. அதே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் குடுத்துத்தான் நீங்க வீடு பிடிச்சிருப்பீங்க! எங்களுக்கு அதுகூட இல்லை. 1960 சட்டம் சென்னை, மதுரை, நகராட்சிகளோட நின்னுடுச்சு. பஞ்சாயத்து எல்லையில் இருந்த லைன் வீட்டுக்குச் சட்டம்னா வீட்டுக்காரர் வாய்தான். நல்ல மனுஷன் கிடைச்சாத் தப்பிச்சாங்க. "நாளைக்கே காலி பண்ணு"ன்னு பாத்திரத்தைத் தூக்கி வெளிய வெச்ச வீட்டுக்காரரும் எங்க ஊருலயே உண்டு. வீட்டுக்காரன் ஆனதால அதை மறைச்சு எழுத எனக்கு மனசில்லை.

திருப்பூரில் பனியன் தொழில் 1920களிலேயே தொடங்கிருச்சு. ஏற்றுமதி பிடிச்சது 1970களின் கடைசியில். அதுக்கப்புறம் எங்க பக்கம் லைன் கட்டாத காட்டுக்காரரே குறைவு. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வந்தாங்க. கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அதனால மாசத்தில் முதல் ஞாயித்துக்கிழமைதான் வாடகை நாள். சனிக்கிழமையே போய் நின்னா அண்ணாச்சி கடைக்கு முந்தி நீங்க வாங்கிக்கலாம். அது மரியாதை இல்லைன்னு ஆத்தா போக விடாது.

1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. அந்த 127 நாளும் எங்க லைனில் வாடகை வரலை. ஒரு குடும்பத்தையும் கிளப்பலை. அப்பாருக்குப் பெரிய தர்மசிந்தனைன்னு நான் சொல்ல மாட்டேன். காலி பண்ணினா வேற யார் வருவாங்க, எல்லாரும்தானே வேலையில்லாம இருக்காங்கன்னு அவரே சொல்லுவார். அதுக்குப் பதிலா எங்க காட்டில் கடலை பிடுங்க வந்தாங்க. கூலியில் வாடகையைக் கழிச்சாச்சு.

ஏற்றுமதி ஏற ஏற சாயப்பட்டறையும் ஏறுச்சு. எங்க ஊர் திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலுக்கு ரெண்டு கல் தள்ளி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வர்ற ஆறு, எங்களை எட்டும்போது ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். பாசனத்துக்குன்னு 1992இல் முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமா ஆயிருச்சு. எங்க கிணத்துத் தண்ணியில் முதல்ல மஞ்சள் போச்சு, அடுத்து வாழை. தென்னை மட்டும் குரும்பை உதிர்த்துக்கிட்டு நின்னது. லைனில் கிணத்துத் தண்ணி துணி துவைக்க மட்டும்னு ஆச்சு. குழாயெல்லாம் உப்புப் படிஞ்சு அடைக்கும், வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். காடு பொய்க்கப் பொய்க்க அந்த நஷ்டத்தைக் கட்ட அப்பா மேல நாலு வீடு சேர்த்தார், இந்தத் தடவை ஹாலோ பிளாக், சிமெண்ட் அட்டை. எங்க கிணத்தைக் கெடுத்த தொழில்தான் வாடகையும் குடுத்தது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. வழக்கை நடத்தினது ஆத்துப் பாசன விவசாயிகள்தான். செய்தி வந்த அன்னைக்கு எங்க ஊர் டீக்கடையில் சந்தோஷமும் பயமும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தது. சாயம் இல்லைன்னா பனியன் நிக்கும். கொஞ்ச மாசத்தில் எங்க எட்டு வீட்டில் அஞ்சு பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போன சனம் சாவியைக் குடுத்துட்டு அட்வான்ஸைக் கேட்டது. பாதிப் பேருக்குத் தேங்காய் வித்த காசுலதான் குடுத்தோம்.

கழிவை வெளிய விடாம சுத்திகரிக்கற முறையோட பட்டறைகள் திரும்பத் திறந்தப்போ வந்தவங்க வேற ஆளுங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். குடும்பம் இருந்த ரூமில் அஞ்சாறு பசங்க. வீட்டுக்கு இவ்வளவுன்னு இருந்த வாடகை பல காம்பவுண்டில் ஆளுக்கு இவ்வளவுன்னு மாறிருச்சு. கரண்டுக்கு சப்-மீட்டர் வெச்சு, வாரியத்துக்குக் கட்டறதைவிட யூனிட்டுக்குக் கூட வாங்கறவங்க இருக்காங்க. 2016இலிருந்து வீட்டுக்கு 100 யூனிட் இலவசம். எட்டு வீட்டுக்கும் ஒரே இணைப்பா இருந்தா அந்தச் சலுகை குடியிருக்கறவங்க கைக்குப் போய்ச் சேராது. நாங்க டெபாசிட் கட்டி எட்டுக்கும் தனித்தனி இணைப்பு எடுத்தோம். அலைச்சல் ரொம்பத்தான்.

புதுச் சட்டம் 2017இல் வந்து, 2019 பிப்ரவரியில் அமலாச்சு. எந்த ரிப்பேர் யார் பொறுப்புன்னு பட்டியலே போட்டிருக்காங்க. வெள்ளை அடிக்கறது, பைப் மாத்தறது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு குடியிருக்கறவர். கீசர், பாத்டப் ரிப்பேர்கூட அதில் இருக்குது! எங்க லைனில் எட்டு வீட்டுக்கு ரெண்டு குளியலறை, ஒரே சாக்கடை. அடைச்சா எந்த வீட்டு முடின்னு யார் கண்டுபிடிக்கறது? மண்வெட்டி எடுத்துட்டு நான்தான் போறேன்.

2020 மார்ச் 29ஆம் தேதி, தொழிலாளிகள்கிட்ட ஒரு மாச வாடகை கேக்கக்கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டது. எங்க லைனில் அன்னைக்கு இருபத்திமூணு ஒடிசாப் பசங்க. வாடகையை விடுங்க, அரிசிக்கே வழியில்லை. காட்டில் வெங்காயம் அறுப்புக்கு நின்னுச்சு, ஊர் ஆளுங்க வர பயந்தாங்க. அந்தப் பசங்கதான் அறுத்தாங்க. இந்தி எனக்கு வராது, தமிழ் அவங்களுக்கு வராது. ஒருத்தன் மட்டும் "அண்ணா, எங்க ஊர்லயும் வெங்காயம்"னு சொல்லி, தாளை எவ்வளவு நீளம் விட்டு அறுத்தா அழுகாதுன்னு விரலில் அளந்து காட்டினான்.

இப்போ எட்டும் நிரம்பியிருக்கு. முதல் நாலு வீட்டுக்கு மங்களூர் ஓடு மாத்த ஆள் கிடைக்கறதில்லை. தகர ஷீட் போட்டுருங்கன்னு மகன் சொல்றான். வெயில் காலத்துல அதுக்குக் கீழ யார் படுக்கறதுன்னு கேட்டிருக்கேன்.