சப்பாத்திக்கள்ளியின் கதை

பாலை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கள்ளியை மறந்தாரில்லை. ஆயினும் அவர்கள் கண்ட கள்ளி வேறு. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் வேலியோரம் செம்பழம் தாங்கி நிற்கும் சப்பாத்திக்கள்ளி வேறு. முன்னது மண்ணுக்குரியது, ஒடித்தால் பால் வடிப்பது. பின்னது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. மழை வளம் மிக்க கெடாவில், பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில் வளர்ந்த தலைமுறைக்கு அது பூச்சட்டியில் வளரும் அழகுச் செடி. சேலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து பால்மரக் காட்டிற்கு வந்த முன்னோர்க்கோ அது வேலியாகவும் தொல்லையாகவும் பழகிய செடி.

இக்கள்ளியை வெள்ளையர் விரும்பியதற்குக் காரணம் சாயமே. அதன் தண்டில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தினால் செஞ்சாயம் கிடைக்கும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் அவ்வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். அதனை முறியடிக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொணர்ந்தார். அந்தோ! வந்தது தரமான இனமன்று. சாயத் தொழில் பொய்த்தது.

கள்ளியோ நிலைத்தது. ஒடிந்து விழுந்த துண்டெல்லாம் வேர்விட, பறவைகள் விதையைச் சுமக்க, மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் முட்காடாயின. சாயத்திற்கு உதவாத அப்பூச்சியே ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தமையால், 1863 முதல் அதனைத் தென்னாட்டிலும் பரப்பினர். அதற்கு அடங்காத மற்றொரு வகைக் கள்ளியை, 1926-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த வேறோர் இனப்பூச்சி சில ஆண்டுகளில் அடக்கியது. உழவர் நிலம் மீண்டது. அக்காலத்திலும் தமிழ்த் தொழிலாளர் மலாயாவிற்குக் கப்பலேறினர்; 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது.

காலம் இன்று மற்றொரு பக்கத்தைப் புரட்டியுள்ளது. கள்ளியின் இலைத்துளைகள் இரவில் திறந்து பகலில் மூடுகின்றன. ஆதலின் நீர் வீணாவதில்லை. தண்டில் பெரும்பகுதி நீரே. முள்ளற்ற வகையின் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, நீர் தேங்காத மண்ணில் நட்டால் போதும். மெக்சிகோவிலும் சிசிலியிலும் அதன் பழம் சந்தைக்கு வருகின்றது. வடகிழக்குப் பிரேசிலில் அது கால்நடைத் தீவனம். இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் முள்ளற்ற வகைகளை ஆராய்ந்து வருகின்றனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழ்நாட்டு உழவரைக் காத்த அதே இனப்பூச்சி, 2014 முதல் மொராக்கோ நாட்டில் கள்ளி பயிரிட்டோரின் வாழ்வாதாரத்தை அழித்தது. ஓரிடத்தில் நட்பானது மற்றோரிடத்தில் பகையாயிற்று. செடியிலும் பூச்சியிலும் நன்மை தீமை பிறப்பதில்லை. மண்ணறிந்து, மக்கள் நிலையறிந்து அவற்றைக் கொண்டுவரும் மாந்தர் அறிவில்தான் பிறக்கின்றன. இலாபம் ஒன்றையே நோக்கி ஆண்டோர் நட்டதன் முள், ஏழை உழவன் காலிலேயே தைத்தது என்பதை வரலாறு மறக்கவில்லை, நாமும் மறத்தலாகாது.