பாயான் லெப்பாஸ் சொல்லும் பாடம்

ஒரு வட்டாரத்தில் எத்தகைய வேலை பெருகும், யாருக்கு அது கிடைக்கும் என்பதை அரசாங்கக் கொள்கை எவ்வளவு தூரம் முடிவு செய்கிறது? இதற்குப் பினாங்கின் வரலாறே நல்ல சான்று.

1786-இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றம் அமைத்த நாள்தொட்டு, ஜார்ஜ் டவுன் வரியில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. மூட்டை சுமந்தவர்களும் கடைக் கணக்கு எழுதியவர்களும் அதை நம்பியே பிழைத்தனர். 1969-இல் அந்தச் சலுகை போயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது.

அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, தொழிற்சாலைகளை வரவழைக்கும் வழியில் இறங்கினார். பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் அவ்வாண்டே அமைந்தது. 1972-இல், நெல் வயல்கள் இருந்த பாயான் லெப்பாஸில் வரியில்லா வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. மூலப்பொருளுக்குத் தீர்வை இல்லை. செய்த பொருள் வெளிநாட்டுக்குப் போக வேண்டும். துறைமுகம் இழந்த சலுகை தொழிற்சாலைக்குக் கிடைத்தது. இன்டெல் முதலான மின்னணுக் கம்பெனிகள் வந்தன.

அக்காலச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதிகம் பேருக்கு வேலை தந்தால், வரிவிலக்கு அதிக ஆண்டுகளுக்கு நீளும். ஆகவே கைகள் தேவைப்பட்டன. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, மயிரிழை போன்ற தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை அது. கூரிய கண்ணும் பொறுமையும் போதும் என்று இளம்பெண்களையே பெரும்பாலும் எடுத்தார்கள். குறைந்த கூலிக்கு வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. வேலை தேடிய ஆண்களுக்கோ தொடக்கத்தில் அதிக இடமில்லை.

பால்மரம் வெட்டும் பெற்றோரின் பெண்பிள்ளைகளுக்கு இது புது வழி. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகாமல், தன் பெயரில் சம்பளம் வாங்கலாம்.

ஆனால் காலம் அப்படியே நிற்கவில்லை. கம்பி இணைக்கும் வேலையை இயந்திரம் ஏற்றது. 1985-இன் வணிக மந்தத்தில் பலர் வேலையிழந்தனர். கைகளின் எண்ணிக்கையைவிடத் திறமைக்கு மதிப்பு கூடியது. 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. அரசும் கம்பெனிகளும் கூடி நடத்தும் பயிற்சிக்கூடம் அது. இயந்திரத்தை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களுக்கு இடம் விரிந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குச் சுருங்கியது.

அரசு எதற்குச் சலுகை தருகிறதோ, அந்த வேலையே பெருகும். முன்பு கைகளுக்குத் தந்தது. பிறகு கல்விக்குத் தந்தது. இந்த மாற்றத்தைத் தோட்டத்தில் இருந்த நாம் பல வேளைகளில் பிந்தியே அறிந்தோம். நம் பிள்ளைகளாவது முந்தி அறியட்டும். ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளையிடம், "எங்கே வேலை கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் நின்றுவிடலாகாது. "எந்தத் தொழிலைக் கற்கப் போகிறாய்?" என்றும் கேட்போம்.