துணைப்பாடமாக இதழியல்: அடையாற்றிலிருந்து ஸ்ரீ சிட்டி வரை

கல்லூரி மாணவரைப் பார்த்தால் ‘மேஜர் என்ன?’ என்று கேட்பார்கள். ‘அலைடு என்ன?’ என்று கேட்பவர் அரிது. துணைப்பாடத்தில் பாஸானால் போதும் என்பது நம் கல்லூரிகளில் ஊறிப்போன எண்ணம். இதழியலைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. இந்தியாவில் இதழியல் கல்வி இன்னொரு படிப்பின் நிழலில்தான் பிறந்தது. நல்ல காலங்களில் அந்த நிழலிலேயே வளர்ந்தது. அந்த வரலாற்றின் ஒரு முனை சென்னை அடையாறு. இன்னொரு முனை, ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டமாக இருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்த ஆந்திரத் தொழில் நகரமான ஸ்ரீ சிட்டி.

இதழியலுக்குப் பாடத்திட்டம் வருவதற்கு முன் பத்திரிகையாளர் எங்கிருந்து வந்தார்கள்? 1878இல் ‘தி ஹிந்து’வைத் தொடங்கிய அறுவரில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். பாரதியார் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு அந்தப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியராகப் போனார். சட்டமும் மொழியும் அரசியலும் கற்றவர்கள் பத்திரிகை அலுவலகத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். எழுதுவதற்கு அவர்களிடம் விஷயம் இருந்தது. எழுதும் முறை பின்னால் வந்தது.

அமெரிக்காவில் இப்படிப் பத்திரிகை நடத்தியே தொழில் கற்கும் முறையைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் வால்டர் வில்லியம்ஸ். 1908 செப்டம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில் அவருடைய இதழியல் பள்ளி தொடங்கிய நாளிலேயே மாணவர்களின் செய்தித்தாளும் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அதே எண்ணம் சென்னையில் முளைவிட்டது.

1920இல் அன்னி பெசன்ட் அம்மையார் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடத்தை ஏற்படுத்தினார். இந்தியாவில் இதழியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய முதல் முயற்சி என்று இதையே வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். அதற்கென்று தனிப் புலம் இல்லை. கலைப் புலத்துக்குள் அது இடம்பெற்றது. மாணவர்கள் வகுப்பு முடிந்து அம்மையாரின் ‘நியூ இந்தியா’ நாளிதழ் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அச்சகச் சட்டத்தின் கீழ் ஜாமீன் தொகையை அரசிடம் பறிகொடுத்த பத்திரிகை அது. அதன் ஆசிரியரே 1917இல் காவலில் வைக்கப்பட்டவர். அங்கே நுழைந்த மாணவருக்குத் தலையங்கம் எழுதுவது எப்படி என்பதோடு, ஒரு தலையங்கத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதும் தெரிந்திருக்கும். எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத கல்வி இது.

இந்தக் கதையில் சித்தூர் மாவட்டத்துக்கும் பங்குண்டு. அப்போது அம்மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் பெசன்ட் 1915இல் கல்லூரி நிறுவினார். ஹோம் ரூல் இயக்கச் சூட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பை இழந்த அக்கல்லூரி, தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொண்டது. அப்பல்கலைக்கழகத்தின் வேந்தரான தாகூர் 1919இல் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். ‘ஜன கண மன’வை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தது அங்கேதான். அடையாற்று இதழியல் பாடம் சில ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை என்பது நம் கல்வி வரலாற்றின் பெரிய இழப்புகளுள் ஒன்று.

பிறகு 1938இல் அலிகாரில் சான்றிதழ் வகுப்பு வந்தது. அதற்கும் ஆயுள் குறைவு. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத் துறையும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டயப் படிப்பும் தொடங்கின.

நம் பொருளுக்கு முக்கியமான ஆண்டு 1951. அந்த ஆண்டு மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. மாணவர் தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்களில் ஒன்றாக இதழியல் சேர்ந்தது. அதை வளர்த்தெடுத்தவர் நாடிக கிருஷ்ணமூர்த்தி. வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களுக்குப் பக்கத்தில் இதழியலும் சமமாக உட்கார்ந்தது. இதழியல், உளவியல், ஆங்கிலம் என்று மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பெங்களூர்க் கல்லூரி மரபு அந்த வழியில் வந்ததுதான். இன்று ‘மைனர்’ என்று புதிதுபோலப் பேசப்படும் ஏற்பாட்டின் இந்திய மூதாதை மைசூரில் இருக்கிறது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. பட்டயம், முதுகலை, பின்னர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) என்று இதழியல் தனிப் படிப்பாகப் பிரிந்தது. ஆனாலும் பழைய முறை வெளியே உயிரோடு இருந்தது. 1980களில் விகடன் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் எந்தத் துறை மாணவரும் சேரலாம். படித்துக்கொண்டே செய்தி சேகரித்த அவர்களில் பலர் பின்னாளில் தமிழ் ஊடகங்களை நடத்தினார்கள். அந்தத் திட்டத்தைப் பட்டத்துக்கு வெளியே நடந்த துணைப்பாடம் என்றே நான் கொள்கிறேன்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு துணைப்பாடத்துக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்களில் 24, நான்காண்டுப் பட்டத்தின் 160இல் 32 துணைப்பாடத்துக்கு உரியவை. இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கிரெடிட்டுக்கு 15 வகுப்பு மணி என்று வைத்தால் 24 கிரெடிட் 360 மணி நேரம். ஒரு நாளிதழ் அலுவலகத்தின் எட்டு மணி வேலைக் கணக்கில் இது 45 நாள். இதை முழுவதும் வகுப்பறையிலேயே செலவிட்டால் மிஞ்சுவது கோட்பாடு மட்டுமே. செய்முறைக்கு ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி என்பதால், பாதியைக் களத்துக்கு ஒதுக்கினால் மொத்தம் 540 மணி நேரமாகும். துணைப்பாடத்தின் தலைவிதி இந்த ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது.

களம் எப்படி இருக்கும் என்பதற்கு, தொடக்கத்தில் சொன்ன இன்னொரு முனைக்கு வருவோம். ஸ்ரீ சிட்டியில் கிரியா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1970இல் சென்னையில் தொடங்கிய நிதி மேலாண்மை, ஆய்வு நிறுவனத்தின் வழியில் 2018இல் உருவானது இப்பல்கலைக்கழகம். முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடமும் எடுக்கும் முறை இங்கே உண்டு. பொருளியலோ சுற்றுச்சூழலோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர் இதழியலையும் கற்றால், அவருக்கான செய்தி வளாகத்தைச் சுற்றியே இருக்கிறது. சென்னை மெட்ரோ பெட்டிகளைச் செய்யும் ஆலையும் கைபேசி ஆலைக்குப் பேருந்தில் வரும் கிராமத்துப் பெண்களும் பக்கத்தில். பழவேற்காடு ஏரியும் மீனவர்களும் சற்றுக் கிழக்கே. ஒட்டியுள்ள சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரை செங்கற்பட்டு மாவட்டம். அதே நாளில் திருத்தணி சித்தூரிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்த எல்லையில் ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கேட்கும்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதப் பழகும் மாணவருக்கு இந்தத் தெரு பேசுவது கேட்காது. ஆகவே இப்பகுதியில் இதழியலைத் துணைப்பாடமாக வைக்கும் எந்தக் கல்லூரியும், 24 கிரெடிட்களில் சிலவற்றையாவது தமிழிலோ தெலுங்கிலோ செய்தி எழுதுவதற்கு ஒதுக்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் மாணவர்களின் செய்தித்தாள் சத்தியவேட்டிலும் அருகிலுள்ள தடாவிலும் விற்பனைக்கு வர வேண்டும்.