நுண்செயலியும் பேரளவு இணைக்கணிப்பும்

ஒரே கணக்கைக் கூறுபோட்டு, நூற்றுக்கணக்கான நுண்செயலிகளிடம் ஒரே நேரத்தில் கொடுத்துச் செய்யும் முறை பேரளவு இணைக்கணிப்பு. தனி நுண்செயலியின் கடிகார வேகத்தைக் கூட்டினால் வெப்பமும் கூடும். 2005ஐ ஒட்டி அந்த வழி ஏறக்குறைய அடைபடவே, ஒரே சில்லில் பல கோர்களை (தனித்தனியே கணக்கிடும் உட்பகுதிகளை) வைப்பது வழக்கமாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2022 முதல் தயாரான ஐபோன் 14இன் ஏ15 சில்லில் 6 கோர்கள்: 2 வேகத்துக்கு, 4 மின்சிக்கனத்துக்கு.

கைபேசியின் கோர்களுக்கு நினைவகம் பொது. மீக்கணினியிலோ ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது அதிலுள்ள ஒவ்வொரு தனிக் கணினிக்கும், தனி நினைவகம். ஒன்றின் விடை இன்னொன்றுக்குக் கம்பி வழியே போயாக வேண்டும். பல கணக்குகளில் செயலிகளின் எண்ணிக்கையைவிட இந்தப் போக்குவரத்தே வேகத்தைத் தீர்மானிக்கிறது. புனேயின் சி-டாக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட பரம் 8000, இதற்கென்றே பிறந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளால் ஆனது. அண்டைச் சில்லுகளோடு பேச 4 இணைப்புகள் சில்லுக்குள்ளேயே இருந்தன.

தமிழ்நாட்டின் சிறந்த எடுத்துக்காட்டு, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் அமைத்த ‘கப்ரு’. 144 கணுக்கள், ஒவ்வொன்றிலும் சந்தையில் கிடைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸியான் செயலிகள் இரண்டு. அதன் சிறப்பு இணைப்பில் இருந்தது. முப்பரிமாண வலையில் ஒவ்வொரு கணுவும் ஆறு திசைகளிலும் அண்டைக் கணுக்களோடு நேரடியாகப் பேசியது. வெளியைப் புள்ளிகளின் பின்னலாகப் பிரித்துக் குவார்க்குகளை ஆராயும் கணக்கிலும் ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளையே சார்ந்திருக்கிறது. கணக்கின் அமைப்பும் கம்பியின் அமைப்பும் இப்படிப் பொருந்தியது அழகான பொறியியல். ஏட்டளவில் நொடிக்கு 1.38 லட்சம் கோடிச் செயல்கள் செய்யவல்ல அது, சோதனையில் சுமார் ஒரு லட்சம் கோடியை எட்டி, 2004 ஜூனில் உலகின் முதல் 500 மீக்கணினிகளுள் இடம்பெற்றது. எஞ்சிய திறனில் பெரும்பகுதி, நினைவகத்துக்கும் அண்டைக் கணுவுக்கும் காத்திருப்பதில் கழிந்தது.

எல்லாக் கணக்கும் இப்படிப் பிரியாது. வேலையில் நூற்றுக்கு 5 பங்கு வரிசையாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதி இது.

செயலிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, வகையும் முக்கியம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினியின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிச் செயல்கள். அதில் சாதாரணச் செயலிக் கணுக்களோடு ஜிபியு (வரைகலைச் செயலி) கணுக்களும் உண்டு. ஒரே செயலைப் பல்லாயிரம் எண்கள் மீது செய்வது ஜிபியுவுக்கு எளிது. அடிக்கடி கிளைபிரியும் வேலை சாதாரணச் செயலிக்கே வருகிறது. இருவகைக் கணுக்களையும் பிணைப்பது இன்ஃபினிபேண்ட் என்னும் அதிவேக வலை.