அந்தமான் கடலின் ஐந்து டிகிரி

வங்கக் கடலில் 3000 மீட்டர் ஆழத்து நீர் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். தீவு வரிசையைக் கடந்து கிழக்கே அந்தமான் கடலுக்குள் சென்றால், அதே ஆழத்தில் ஏறத்தாழ 5 டிகிரி. இடையில் நிற்பது ஒரு கடலடி மலைத்தொடர். நீருக்கு மேல் தெரியும் அதன் முகடுகளே அந்தமான், நிக்கோபார் தீவுகள். அத்தொடரின் கணவாய்களில் ஒன்றும் 2000 மீட்டர் ஆழத்தை எட்டாததால், வெளிக்கடலின் அடிக்குளிர்நீர் உள்ளே புக வழியில்லை.

இக்கடலின் வெப்பநிலையை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆர். பி. சீமோர் சீவெல். 'இன்வெஸ்டிகேட்டர்' ஆய்வுக்கப்பலின் மருத்துவ-இயற்கையியலாளராக இருந்து, 1925இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரானவர். மில்லிமீட்டர் அளவேயான கோபிபாடுகள் என்னும் துடுப்புக்கால் உயிரிகளை வகைப்படுத்தி 1929இலும் 1932இலும் அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. நீரின் வெப்பம் ஒரு நூல்வரிசையிலும், அந்நீரில் வாழும் உயிரி இன்னொன்றிலுமாக அமைந்தன.

இரண்டையும் இணைக்கும் கேள்வி டென்மார்க்கில் எழுந்தது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் குளிர்குருதி உயிரியின் வளர்சிதை மாற்றம் இரண்டு மூன்று மடங்காகும். அப்படியெனில் துருவக் கடலின் உயிரி எவ்வாறு சுறுசுறுப்பாக வாழ்கிறது? அது தன் வளர்சிதை மாற்றத்தை உயர்த்தி ஈடுசெய்திருக்க வேண்டும் என 1916இல் ஆகஸ்ட் குரோக் கருதினார். 1953இல் ஷோலாண்டரும் குழுவினரும் ஆர்க்டிக் மீன்களையும் ஓடுடைய கணுக்காலிகளையும் பனாமாவின் வெப்பமண்டல இனங்களோடு ஒப்பிட்டு, முழுமையாக இல்லாவிடினும் அத்தகைய ஈடுசெய்தல் உண்டு என்றனர். 'குளிர்த் தகவமைப்பு' பாடநூலில் இடம்பிடித்தது.

பிறகு அடித்தளம் ஆட்டம் கண்டது. பிடிபட்ட அதிர்ச்சியில் மீன் கூடுதலாக ஆக்சிஜனை உட்கொண்டதே அவ்வுயர்வாகப் பதிவாகியிருக்கலாம் என 1974இல் ஹோல்ட்டன் காட்டினார். ஆண்ட்ரூ கிளார்க்கின் மறுப்பு இன்னும் ஆழமானது. வெப்பமண்டல உயிரியின் வளைகோட்டை அது ஒருபோதும் வாழாத 0 டிகிரி வரை நீட்டி, அங்கே கிடைக்கும் எண்ணோடு துருவ உயிரியை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரு பெயர் சூட்டப்பட்டதாலேயே ஒரு நிகழ்வு உண்மையாகிவிட்டதாக ஒரு துறை நம்பிய கதை இது; மொழியியலாருக்குப் புதிதன்று.

இவ்விவாதம் முழுவதிலும் வெப்பமண்டலம் மாறாத அளவுகோலாகவே வைக்கப்பட்டது. அந்தமான் கடலில் அது பொருந்துவதில்லை. மேற்பரப்பு ஆண்டு முழுதும் 27 முதல் 30 டிகிரிக்குள் நிற்பது உண்மை. ஆனால் அதனடியில் 60 மீட்டருக்கும் மேலான உயரமுடைய உள்ளலைகள் ஓடுவதை 1980இல் ஆஸ்பார்னும் பர்ச்சும் விவரித்தனர். மிதக்கும் கோபிபாடு நீரோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதற்கு வெப்பமாற்றம் சிறிதே. பவளத்திட்டின் சரிவில் ஒட்டிவாழும் இறாலோ நண்டோ அப்படியன்று: சில நிமிடங்களில் பல டிகிரி வீழ்ச்சியைத் தாங்க வேண்டும்.

ஆழத்திலோ கேள்வி வேறு. ஆழம் கூடக்கூட ஓடுடைய கணுக்காலிகள் பலவற்றின் வளர்சிதை மாற்றம் குறைகிறது. குளிரினாலா, ஒளி மங்கி இரையும் பகையும் ஒன்றையொன்று காணாததாலா? திறந்த பெருங்கடலில் குளிரும் இருளும் சேர்ந்தே வருவதால் பிரித்தறிவது கடினம். தீவுத்தொடரின் இருபுறமும் 3000 மீட்டரில் ஒரே இருள், ஒரே அழுத்தம். வேறுபடுவது அந்த மூன்று டிகிரி.