தொடுகறி

தொடுகறி என்பது நாஞ்சில் நாட்டில் சோறு, கஞ்சி முதலிய முதன்மை உணவுடன் தொட்டுக்கொள்ளும் துணையுணவுகளைக் குறிக்கும் பொதுச்சொல் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே மரபாக நாஞ்சில் நாடு எனப்படுகின்றன.

சொற்பொருள்

தொடுகறி என்பது வினைத்தொகை. இங்கு 'கறி' இறைச்சியை மட்டும் குறிப்பதன்று. காய்கறிப் பண்டங்களும் இதில் அடங்கும். சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறித்தது.

எவை தொடுகறி?

ஒரு பண்டம் தொடுகறியா என்பதை அதன் சேர்பொருள்கள் தீர்மானிப்பதில்லை. உண்ணும் முறையே தீர்மானிக்கிறது. சோற்றில் ஊற்றிப் பிசையும் சாம்பார், ரசம் ஆகியன தொடுகறி அல்ல. ஊறுகாய், இஞ்சிப் பச்சடி, கிச்சடி, துவரன், அவியல் ஆகியன தொடுகறிகள். கஞ்சிக்குக் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்) தொடுகறியாகும். இங்குக் கிச்சடி என்பது தேங்காய் அரைத்துத் தயிர் சேர்த்துச் செய்வது. அரிசியும் பருப்பும் சேர்ந்த கிச்சடி வேறு.

கேரளத்தில்

மலையாளத்திலும் இச்சொல் உண்டு. இம்மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. எனினும் பொருளில் வேறுபாடு உண்டு. கேரள விருந்தில் ஊறுகாய், இஞ்சிக்கறி, பச்சடி போலச் சிறிதளவே தொட்டுண்பவை தொடுகறிகள். அவியல், தோரன் முதலியன கூட்டுகறிகள் எனத் தனியே வகுக்கப்படுகின்றன.